நாலு வருஷமா மேல போய்ட்டு இருந்த பாலம், கீழ சிகானோ பார்க்: போனவங்க யாராவது இருக்கீங்களா?

மைதி:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனா ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. நாங்க சான் டியாகோ வந்து நாலு வருஷம் ஆச்சு, ஊர்லருந்து யார் வந்தாலும் முதல்ல கூட்டிட்டுப் போறது கொரோனாடோ பீச்சுக்குத்தான், அந்த நீலக் கலர் வளைஞ்ச பாலத்துல ஏறினதும் எல்லாரும் போனை எடுத்துருவாங்க, ஒரு பக்கம் கடற்படைக் கப்பல், இன்னொரு பக்கம் டவுன்டவுன். எனக்குத் தெரிஞ்ச பாலம் அவ்ளோதான். இப்ப பையனுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட், நம்ம ஊர்ல பொது இடத்துல இருக்கற ஒரு ஓவியத்தைப் பத்தி எழுதணுமாம். அவன் எதையோ தேடி சிகானோ பார்க்னு ஒண்ணு கண்டுபிடிச்சான். எங்கடா இருக்குன்னு மேப்ல பார்த்தா அந்தப் பாலத்துக்கு நேர் கீழ! தூண் தூணா, பெரிய பெரிய படம். நான் எத்தனை தடவை அதுக்கு மேல போயிருப்பேன்னு கணக்கே இல்ல.

யாராவது போயிருக்கீங்களா? குழந்தையோட போகலாமா? ஆபீஸ்ல ஒருத்தர் அந்த ஏரியா பேரைச் சொன்னதுமே மூஞ்சியைச் சுளிச்சாரு, அதான் கேக்கறேன்.

சேது_எஸ்டி:
மைதி, தாராளமா போங்க. இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது அங்கதான் இருப்பேன். மூஞ்சியைச் சுளிச்சவரு அங்க காலை வச்சிருக்கவே மாட்டாரு, எழுதி வேணா தரேன்.

இடத்துக்கு பேரு பாரியோ லோகன். சிகானோன்னா அமெரிக்கால இருக்கற மெக்சிகோ வம்சாவளி ஜனம். மெக்சிகோ புரட்சி 1910ல ஆரம்பிச்சப்புறம் அங்கருந்து தப்பி வந்த ஜனம் நிறைய பேரு தங்கின பேட்டை, டூனா மீனை டப்பால அடைக்கற கேனரி, கப்பல் பட்டறை, ரயில்வே வேலைன்னு அவங்க இல்லாம இந்தத் துறைமுகம் ஓடியிருக்காது. ஒருகாலத்துல தெருக்கோடியில கடல், பிள்ளைங்க ஓடிப்போய் குதிச்சு குளிக்கும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கடற்படை கரையை எடுத்துக்கிச்சு, கடல் போச்சு. 1950கள்ல வீடு இருக்கற இடத்துலயே தொழிற்சாலையும் வரலாம்னு மண்டலத்தை மாத்தினாங்க, பக்கத்து வீடு காயலான் கடையா மாறிச்சு, பழைய காரை உடைக்கற இடம். 1963ல ஐ-5 நெடுஞ்சாலை பேட்டையை நடுவால ரெண்டா பொளந்துக்கிட்டுப் போச்சு. 1969ல உங்க நீலக் கலர் பாலம். வீடு இருந்த இடத்துல எல்லாம் தூண். ஆயிரக்கணக்குல ஜனம் காலி பண்ணிட்டுப் போச்சு.

மிச்சம் இருந்தவங்களுக்கு, பாலத்துக்கு அடியில ஒரு பார்க் தரோம்னு வாக்கு கொடுத்திருந்தாங்க. அது என்னாச்சுன்னு அடுத்த பதிவுல எழுதறேன், பொண்ணு காருக்கு நிக்கறா.

வெட்டிப்பேச்சு:
என்னாச்சுன்னு எனக்கே தெரியும். வீட்டை இடிச்சாங்க, ரோடு போட்டாங்க, கடைசியா பெயின்ட் டப்பாவைக் கையில கொடுத்து "போய் சந்தோஷமா வரைஞ்சுக்கோங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. எல்லா ஊர்லயும் இதே கதைதான். சுவத்துல படம் வரைஞ்சா வாடகை குறையுமா? தண்ணி வருமா? அடிச்ச கையாலயே தடவி விடறதுக்கு ஒரு பேரு, கலை. இதைப் போய் நாமளும் செல்ஃபி எடுத்து போடணும். 😏

சேது_எஸ்டி:
வெட்டிப்பேச்சு, பொதுவா நீங்க சொல்றது சரிதான், இந்த இடத்துக்கு மட்டும் அப்படியே உல்டா. வரிசையைக் கவனிங்க.

1970 ஏப்ரல் 22. பாலத்தடி காலி நிலத்துல புல்டோசர் நிக்குது. மாரியோ சோலிஸ்னு ஒரு காலேஜ் பையன் அந்த வழியா போறவன், என்னப்பா பார்க் வேலை ஆரம்பிச்சிட்டீங்களான்னு கேட்டிருக்கான். பார்க்கா, இது நெடுஞ்சாலை போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவங்க வண்டி நிறுத்தறதுக்கும்னு பதில். பையன் ஓடிப்போய் சொல்ல, மத்தியானத்துக்குள்ள ஸ்கூல் பிள்ளைங்க, அம்மாங்க, பாட்டிங்க எல்லாம் வந்து புல்டோசரைச் சுத்தி கையைக் கோத்துக்கிட்டு நின்னாங்க. நின்னதோட விடல, மண்வெட்டி எடுத்துட்டு வந்து கள்ளிச்செடி, கத்தாழை, பூச்செடின்னு நட ஆரம்பிச்சிட்டாங்க. பழைய டெலிபோன் கம்பத்துல சிகானோ கொடி ஏறிச்சு. 12 நாள் நிலத்தை விட்டு யாரும் நகரல.

கடைசியில மாநில அரசு இறங்கி வந்துச்சு, 1.8 ஏக்கர் பார்க்குக்குன்னு ஒதுக்கினாங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு, 1973லதான் முதல் பெயின்ட் டப்பாவையே தொறந்தாங்க. யாரும் ஆறுதலுக்கு கொடுத்த பெயின்ட் இல்ல சார் அது. முதல்ல மண்ணு, அப்புறம்தான் படம். சல்வடோர் டோரஸ்னு அதே பேட்டையில வளர்ந்த ஓவியர், இந்தத் தூணுங்களை வரையற துணியா பார்த்தவரு, அவருக்குத்தான் முதல்ல இந்த யோசனை வந்ததுன்னு சொல்வாங்க.

பிரஷ் பாண்டியன்:
வணக்கம் உறவுகளே. நான் 25 வருஷம் சுவர் எழுத்து எழுதினவன், மதுரை பக்கம். ப்ளெக்ஸ் வந்து எங்க பொழப்பைத் தின்னுச்சு அது தனிக்கதை. போட்டோ பார்த்தேன், மலைச்சுட்டேன். சுவரோவியம்னு சும்மா சொல்லிடறீங்க, அது சுவரே இல்லையே, கான்கிரீட் தூண், டி எழுத்து மாதிரி மேல விரிஞ்சு இருக்கு. வெறும் கான்கிரீட்ல பெயின்ட் ஒட்டாது, உப்பு பூத்து ரெண்டு மழையில தோல் உரியற மாதிரி உரிஞ்சு வந்துரும். எப்படித் தயார் பண்ணாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?

இன்னொண்ணு. எங்க ஊர்ல எலெக்ஷனுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே ராவோட ராவா போய் வெள்ளை அடிச்சு "இந்தச் சுவர் ரிசர்வ், இத்தனாவது வருஷம் வரை"ன்னு கட்சி பேரைப் போட்டு எழுதிட்டு வருவோம். படம் அப்புறம். ரிசர்வ்னு எழுதிட்டா அடுத்த கட்சிக்காரன் தொடமாட்டான், தொட்டா கைகலப்புதான். இவங்க செடி நட்டதைப் படிச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. செடியை நட்டு ரிசர்வ் பண்ணிருக்காங்க!

சேது_எஸ்டி:
பாண்டியண்ணே 😂😂 இருபது வருஷமா நான் சொல்ல வந்ததை ரிசர்வ்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க.

தயாரிப்பு பத்தி: தூணை முதல்ல ஆசிட் ஊத்திக் கழுவி அலசி, அப்புறம் ப்ரைமர் மாதிரி ஒரு பூச்சு கொடுத்தாங்கன்னு அங்க ஒரு பெரியவர் சொன்னாரு. முதல் நாள் ஓவியர்களோட சேர்ந்து பேட்டை ஜனமும் நூத்துக்கணக்குல ரோலரைத் தூக்கிட்டு வந்துருச்சாம், யாரு எங்க அடிக்கறதுன்னே கட்டுப்பாடு இல்லாம ஒரே திருவிழா. அந்த முதல் சுவத்துலதான் கெட்சல்கோயாட்ல், இறகு முளைச்ச பாம்பு சாமி.

பிரஷ் பாண்டியன்:
ஆசிட் கழுவல் சரியான முறைதான். மேல்தோலைக் கொஞ்சம் அரிச்சு சொரசொரப்பாக்கும், அப்பத்தான் பெயின்ட் பிடிக்கும். கை ரெண்டும் போயிருக்கும் பாவம்.

கான்கிரீட் கண்ணன்:
நான் பாலம் டிசைன்ல இருக்கேன், இந்த இழைக்கு ஒரு விஷயம் சேத்துக்கறேன். 90கள்ல கலிஃபோர்னியா பூரா பழைய பாலங்களை நிலநடுக்கத்துக்குத் தாங்கற மாதிரி பலப்படுத்தற வேலை நடந்துச்சு. தூணைப் பலப்படுத்தணும்னா எங்களுக்கு உடனே கைவர்ற வழி, சுத்தி ஸ்டீல்லயோ கான்கிரீட்லயோ ஒரு ஜாக்கெட் போட்டுர்றது. கொரோனாடோ பாலத்துக்கும் பலப்படுத்தற திட்டம் வந்துச்சு. அப்படி ஜாக்கெட் போட்டா உள்ள இருக்கற படம் மொத்தமும் சமாதி. பேட்டை ஜனம் விடல, ஒரு தூண்லயே எதிர்ப்பை ஓவியமா வரைஞ்சாங்க, 1995ல. படத்துக்குச் சேதம் வராத வழியை இஞ்சினியர்ங்க தேட வேண்டியதா போச்சு. தேடினா கிடைக்கும்ங்க, சும்மா சொல்லல, எங்க ஆளுங்களைத் தேட வைக்கறதுதான் கஷ்டம்.

தூண் இன்னைக்கும் மாநிலப் போக்குவரத்துத் துறை சொத்துதான். படத்தை வரைஞ்சு காப்பாத்தறது மட்டும் ஜனம். இப்படி ஒரு ஏற்பாட்டை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல.

வெட்டிப்பேச்சு:
சரி, வரிசை விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா இப்ப நிலைமை என்ன? 2016 கடைசியில தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாங்கன்னு இப்பத்தான் படிச்சேன். சின்னம்னு போர்டு வச்சாச்சுன்னா அடுத்து என்ன வரும்? டூரிஸ்ட், அப்புறம் காபிக் கடை, பீர்க் கடை, அப்புறம் ஒரு புரோக்கர் "வண்ணமயமான கலைப் பகுதியில் வீடு"ன்னு விளம்பரம் போடுவான். கடைசியில வரைஞ்சவன் பேரனே அங்க வாடகை கொடுக்க முடியாம வெளிய போவான். இது நடக்குதா இல்லையா சேது, உண்மையைச் சொல்லுங்க.

சேது_எஸ்டி:
நடக்குது. மறைக்க ஒண்ணும் இல்ல. லோகன் அவென்யூ பூரா கேலரி, காபி, பீர். அதுல பாதி பேட்டைப் பிள்ளைங்க நடத்தறதுதான், அவங்களுக்குள்ளயே இதுல சண்டை இருக்கு. வாடகை ஏறிடுச்சு. காத்து பழைய காத்துதான், ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் துறைமுக லாரி, ஆஸ்துமா இல்லாத குடும்பம் குறைச்சல்.

1977ல ஒரு தூண்ல "வாரியோ சி, யோன்கேஸ் நோ"ன்னு எழுதி வரைஞ்சாங்க. பேட்டை வேணும், காயலான் கடை வேணாம்னு அர்த்தம். அந்தத் தூணுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு 2013க்கு வாங்க, வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவுல இடைவெளி விடற மாதிரி நகர மன்றம் ஒரு திட்டம் நிறைவேத்துச்சு, கப்பல் பட்டறைங்க காசைக் கொட்டி 2014ல ஊர் பூரா ஓட்டெடுப்பு வச்சு அதைக் கவுத்தாங்க. ஊரோட இன்னொரு மூலையில, பணக்கார லா ஹோயால இருக்கறவன் ஓட்டு போட்டு பாரியோ லோகன்ல யாரு எதைச் சுவாசிக்கணும்னு முடிவு பண்ணான். திருப்பி உக்காந்து பேசி 2021லதான் புதுத் திட்டம் தேறுச்சு. 1977 படத்தோட வேலை 44 வருஷம் ஓடியிருக்கு பாருங்க. அதனால படம் வரைஞ்சா எல்லாம் மாறிடும்னு நான் சொல்லல. வரையலைன்னா எதுக்கு சண்டை போட்டோம்னே மறந்துருப்பாங்க, அதான்.

வடலி:
நான் டொரொன்டோவில இருந்து. ரெண்டு நாளா சத்தமில்லாமல் வாசிச்சுக்கொண்டிருந்தன், ஒரு சொல்லில மட்டும் எனக்கு இடிக்குது. "தப்பி வந்த ஜனம் தங்கின பேட்டை" எண்டு சேது லேசாச் சொல்லிப்போட்டுப் போறார். 1848 வரைக்கும் அந்த மண்ணே மெக்சிகோதானே. போர் முடிஞ்சு ஒப்பந்தத்தில கோட்டை மாத்திக் கீறினாங்கள். நாங்கள் எல்லையைக் கடக்கேல்லை, எல்லைதான் எங்களைக் கடந்தது எண்டு அந்தச் சனம் சொல்லுறது சும்மா பகிடிக்கு இல்லை. தூண்களில மெக்சிகோவின்ர பழைய அஸ்டெக் சாமியும் கழுகும் கனக்க இருக்கிறதுக்குக் காரணமும் அதுதான் எண்டு நினைக்கிறன், வந்தேறி எண்டு சொன்னவனுக்கு மறுமொழி.

ஆனா புரட்சிக்குப் பயந்து 1910க்குப் பிறகு ஓடி வந்ததும் அதே சனம்தான். ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கும். எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மைதி:
வடலி அக்கா (அக்காவா அண்ணாவா தெரியல, மன்னிக்கணும்), இதை அப்படியே பையனுக்குப் படிச்சுக் காமிச்சேன். எல்லை எப்படிம்மா நடக்கும்னு கேக்கறான்.

வடலி:
அக்காதான். மேப்பில காட்டுங்கோ, பிள்ளைக்கு விளங்கும்.

ஓஎம்ஆர்_ராஜா:
நான் கண்ணகி நகர்ல இருந்து எழுதறேன். கூவம், அடையாறு கரையிலருந்து எங்களை 2000ல இருந்து கொண்டாந்து கொட்டின இடம், எங்க வீட்ல அப்பாவுக்கு வேலை ஒரு மூலை, எங்களுக்கு ஸ்கூல் ஒரு மூலைன்னு ஆச்சு. 2020ல வெளிய இருந்து ஓவியருங்க வந்து எங்க பிளாக் சுவத்துல எல்லாம் பெருசு பெருசா வரைஞ்சாங்க. நாங்க யாரும் புல்டோசரை நிறுத்தல, நிலத்தைப் பிடிக்கல. சேது அண்ணன் சொல்ற வரிசைப்படி பார்த்தா எங்க படம் தப்பான படம்தான்.

ஆனா ஒண்ணு சொல்றேன். முன்னாடி இன்டர்வியூல அட்ரஸ் கேட்டு கண்ணகி நகர்னு சொன்னா பேனாவை மூடி வச்சிருவாங்க, எனக்கே ஒரு இடத்துல நடந்துச்சு. படம் வந்தப்புறம் ஒரு ஆள், ஓ அந்தப் பெயின்டிங் இருக்கற ஏரியாவான்னு கேட்டாரு. மூஞ்சி சுளிக்காம என் ஏரியா பேரை ஒருத்தர் சொல்லி அன்னைக்குத்தான் கேட்டேன். லிஃப்ட் இல்ல, வேலை தூரம், அதெல்லாம் மாறல. அந்த ஒரு நாள் மட்டும் நல்லா இருந்துச்சு. அதனால வெட்டிப்பேச்சு சாருக்கும் முழுசா ஓட்டு போட முடியல, சேது அண்ணனுக்கும் முடியல.

வெட்டிப்பேச்சு:
ராஜா தம்பி, உங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உங்க சுவத்துல இருக்கற முகம் யாரோடது?

ஓஎம்ஆர்_ராஜா:
ஒண்ணு ரெண்டு எங்க ஏரியா பிள்ளைங்க மூஞ்சிங்க சார். மத்ததெல்லாம் பூ, பறவை, டிசைன்.

பிரஷ் பாண்டியன்:
தம்பி, கலர் மங்குனா திருப்பி அடிக்க யாரு வருவா? அதான் முக்கியம். நம்ம வெயிலுக்கு அஞ்சாறு வருஷம் தாங்கும், சிவப்புதான் முதல்ல வெளுக்கும்.

சேது_எஸ்டி:
அண்ணன் கேட்டது சரியான கேள்வி. சிகானோ பார்க்ல 2011, 2012ல பெரிய மறுசீரமைப்பு நடந்தப்ப, முதல்ல வரைஞ்ச ஓவியர்களே நரைச்ச தலையோட சாரத்துல ஏறி அவங்க படத்தை அவங்களே திருப்பி வரைஞ்சாங்க. விக்டர் ஓச்சோவா மாதிரி ஆளுங்க பக்கத்துல சின்னப் பசங்களை வச்சு சொல்லிக் கொடுத்தாங்க. ராஜா, உங்க ஏரியா பசங்க யாராவது அப்ப கூட வரைஞ்சிருந்தா அவங்க நம்பரை வாங்கி வச்சுக்கோங்க.

முகம் பத்திச் சொன்னதால இதையும் சொல்லிடறேன். மைதி, அங்க போனா லாரா ரோட்ரிகஸ் பாட்டி படத்தைத் தேடுங்க. 1970 அக்டோபர்ல, பார்க் கிடைச்சு அஞ்சாறு மாசத்துல, ஊர் ஜனத்துக்கு பயன்பட்டுட்டு இருந்த ஒரு பழைய கட்டடத்தைத் திருப்பிக் கேட்டு போராட்டம். 60 வயசைத் தாண்டின இந்தப் பாட்டி கதவோட சங்கிலி போட்டு தன்னைக் கட்டிக்கிட்டாங்க. அதுலருந்து பொறந்ததுதான் இன்னைக்கு அங்க ஓடற ஆஸ்பத்திரி. சேகுவேரா, மெக்சிகோ புரட்சித் தலைவர் சபாடா, ஓவியர் ஃப்ரீடா எல்லாம் எங்க போனாலும் இருப்பாங்க. பாட்டி இங்க மட்டும்தான்.

கான்கிரீட் கண்ணன்:
இன்னொரு விஷயம் சொல்லணும், சந்தோஷமான விஷயம் இல்ல. 2016 அக்டோபர்ல பாலத்துக்கு ஏறற வளைவுலருந்து ஒரு பிக்கப் வண்டி தடுப்பைத் தாண்டி பார்க்ல விழுந்துச்சு, கீழ விழா நடந்துட்டு இருந்துச்சு, நாலு பேர் இறந்துட்டாங்க. பாலம் வந்தா அதுக்கு கீழ இருக்கறவங்க என்னென்ன தாங்கணும்னு எங்க படிப்புல யாரும் சொல்லித் தரல. மைதி, மேல ஓட்டும்போது நிதானமா ஓட்டுங்க, அவ்ளோதான்.

மைதி:
போயிட்டு வந்துட்டேன்!! நேத்து ஞாயித்துக்கிழமை. கார் எடுக்கல, எங்க ஏரியா யூடிசில ஏறினா ப்ளூ லைன் ட்ராலி நேரா பாரியோ லோகன்ல இறக்கி விட்டுருது, இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா பார்க். அதே ட்ராலி கடைசியில சான் இசிட்ரோ, மெக்சிகோ எல்லை வரைக்கும் போகுது. எங்க ஸ்டாப்ல லேப்டாப் பையோட ஏறினவங்க டவுன்டவுன்லயே இறங்கிட்டாங்க, அப்புறம் பொட்டியில பெரிய பெரிய ஷாப்பிங் பையோட அம்மாங்கதான், பேச்சு ஸ்பானிஷ்.

முதல்ல தெரிஞ்சது படம் இல்ல, சத்தம். மேல ஒவ்வொரு வண்டியும் ஜாயின்ட்ல ஏறும்போது டடக் டடக்னு. அந்தச் சத்தத்தைப் போட்டுக்கிட்டுத்தானே நாலு வருஷம் போனேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நடுவுல மாயன் கோயில் மாதிரி ஒரு மேடை, அதுல சின்னப் பொண்ணுங்க டான்ஸ் ப்ராக்டிஸ். தெருவுல லோரைடர்னு தாழ்த்தி வச்ச காருங்க, மெட்ராஸ்ல தேர் அலங்காரம் பண்ற மாதிரி பண்ணி வச்சிருக்காங்க, ஒருத்தர் ஸ்விட்சைத் தட்டினதும் முன் டயர் ரெண்டும் தரையை விட்டு எம்பிச்சு, பையன் அதோட ஓவியத்தையே மறந்துட்டான். இப்படி மெதுவா காரை ஓட்டிக்கிட்டு சுத்தறதுக்கே இந்த ஊர் பக்கத்துல ரொம்ப வருஷம் தடை இருந்துச்சாம், 2023ல சட்டம் போட்டு எடுத்தாங்களாம், ஓட்டினவரே சொன்னாரு.

ஒரு தூண்ல பாலத்தையே கையால தூக்கிப் பிடிச்ச மாதிரி ஒரு ஆளு. பையன் அதுக்கு கீழ நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினான், அந்தப் போட்டோவைத்தான் ப்ராஜெக்ட்ல ஒட்டியிருக்கான்.

பாட்டி படத்தைக் கண்டுபிடிச்சோம் சேது சார். பக்கத்துல ஒரு அம்மா மடக்கு நாற்காலி போட்டு வெட்டின மாம்பழத்துல மிளகாத்தூள் தூவி வித்துட்டு இருந்தாங்க, நம்ம மெரினா மாங்காதான் வேற ஒண்ணும் இல்ல. இது யாருன்னு பையன் ஸ்பானிஷ்ல கேட்டான் (ஸ்கூல் ஸ்பானிஷ்). அந்த அம்மா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கல, மாங்காயை வெட்டிக்கிட்டே லாரான்னாங்க, பக்கத்துத் தெருவுல இருக்கற ஆளைச் சொல்ற மாதிரி. இவன், அவங்க உங்களுக்குச் சொந்தமான்னு கேட்டான். அந்த அம்மா சிரிச்சிட்டு ஏதோ நீளமா சொன்னாங்க, இவனுக்கு பாதிதான் புரிஞ்சுது, அவங்க ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியிலதான் என் மூணு பிள்ளைங்களுக்கும் ஊசி போட்டேன்னு.

பிரஷ் பாண்டியன்:
அந்தத் தூணோட அடிப்பக்கம் போட்டோ எடுத்தீங்களாம்மா? தரையிலருந்து ஒரு முழம் உயரத்துக்கு. ஈரம் ஏறி உப்பு பூத்திருக்கான்னு பார்க்கணும்.

மைதி:
எடுக்கலையேண்ணே. அடுத்த மாசம் மறுபடி போறோம், அப்ப எடுத்துப் போடறேன். சேது சார், நீங்க வர்ற ஞாயித்துக்கிழமை எதுன்னு சொல்லுங்க.

சேது_எஸ்டி:
ரெண்டாவது ஞாயிறு, காலையில பத்தரை, மேடைக்குப் பக்கத்துல. பையனைக் கூட்டிட்டு வாங்க. மாங்காக்கு சில்லறை கொண்டாங்க, அந்த அம்மா கார்டு எடுக்க மாட்டாங்க.